கேபிள் ஆள் வரலையா? டவுன் ஹாலுக்குப் போங்க தம்பி

பாஸ்டன் பக்கம் குடிவந்து மூணு வாரம் ஆச்சு, கேபிள் போட வரேன்னு ரெண்டு தடவை ஏமாத்திட்டாங்க, முதல் பில் மட்டும் வந்துடுச்சு, அதில் ‘ஃபிரான்சைஸ் ஃபீ’ன்னு ஒரு தொகை இருக்கு, அதை எடுக்கச் சொல்லலாமா, எந்தப் பேக்கேஜில் தமிழ்ச் சேனல் நிறைய வரும்னு கேட்டிருக்கீங்க. தமிழ்ச் சேனல் கதையை விடுங்க, அதுக்கு இன்டர்நெட்டில் ஆயிரம் வழி இருக்கு. அந்த ஃபீயைப் பத்திச் சொல்றேன்.

உங்க தெரு வழியா வயர் இழுக்க உங்க ஊர்தான் அந்தக் கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கு. அதுக்கு ஊர் வாங்குற பணம் அது. 1984 கேபிள் சட்டப்படி, டி.வி. வருமானத்தில் அதிகபட்சம் 5 சதவீதம். அதை எடுக்கச் சொல்லாதீங்க. ஊர்க்காரங்களே நிகழ்ச்சி எடுத்துக் காட்டுற பப்ளிக் ஆக்சஸ் சேனல் பெரும்பாலும் அந்தக் காசில்தான் ஓடுது.

நான் வந்தது 1998 பிப்ரவரி. வேலைக்குச் சேர்ந்த ரெண்டாம் வாரமே லீவு போட்டு, ஜன்னலோரம் ஸ்வெட்டரோடு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்குப் போன்: இன்னைக்கு முடியாது. திருப்பிக் கூப்பிட்டா முக்கால் மணி நேரம் பாட்டுதான். ரெண்டாவது முறையும் அதே. எதிர்வீட்டு ஐரிஷ் பாட்டியிடம் புலம்பினேன். “வியாழக்கிழமை டவுன் ஹாலில் கேபிள் கம்பெனியின் லைசென்ஸைப் புதுப்பிக்கிற விசாரணை இருக்கு, வா” என்று தன் காரில் ஏத்திக்கொண்டு போனார்.

அங்கே கோட்டுப் போட்ட கம்பெனி ஆள் முன்னால், சின்ன நோட்டைப் பிரித்து, எந்தத் தேதியில் எத்தனை நிமிஷம் போனில் காத்திருந்தோம் என்று நிதானமாகப் படித்தார். என் ரெண்டு நாளும் அதில் இருந்தது! மறுவாரமே ஆள் வந்துவிட்டார்.

அப்புறம்தான் விதிகளைப் படித்தேன். 1992 கேபிள் சட்டத்தின்படி, நாடு முழுக்கத் தொலைத்தொடர்பைக் கவனிக்கிற அரசு ஆணையமான எஃப்.சி.சி. வகுத்தவை: சாதாரண நாட்களில் 30 நொடிக்குள் போனை எடுக்கணும், பத்துக்கு ஒன்பது தடவையாவது. புது இணைப்பு ஏழு வேலைநாளுக்குள். வர்ற நேரத்தை அதிகபட்சம் நாலு மணி நேர இடைவெளியாகச் சொல்லணும். முந்தைய வேலைநாள் முடிந்த பிறகு ரத்து செய்யக் கூடாது. நீங்களும் தேதி, மணி எழுதி வைங்க. டவுன் ஹாலில் கேபிள் கமிட்டி இருந்தா அதுக்கு, இல்லாட்டி ஊர் நிர்வாகத்துக்கு மக்கள் தேர்ந்தெடுத்த குழுவான செலக்ட் போர்டுக்கு எழுத்தில் கொடுங்க. பேக்கேஜ் விலையும் இன்டர்நெட்டும் மட்டும் அவங்க கையில் இல்லை. கலிஃபோர்னியாவில் 2006க்குப் பிறகு லைசென்ஸ் கொடுப்பதே மாநிலத்துக்குப் போய்விட்டது. மாசசூசெட்ஸில் இன்னும் ஊர்தான் கொடுக்குது, அது நம்ம அதிர்ஷ்டம்.

நம்ம ஆட்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. இருபது வருஷம் இங்கே இருந்தும், தமிழ்நாட்டில் எந்தத் தொகுதிக்கு யார் எம்.எல்.ஏ. என்பதை மனப்பாடமாகச் சொல்வாங்க, செலக்ட் போர்டில் யார் இருக்காங்கன்னு தெரியாது. ஆக்சஸ் சேனல் இருப்பதே தெரியாது. ஆபாசம் தவிர, அதில் என்ன காட்டலாம், கூடாது என்று கம்பெனி தலையிட முடியாதுன்னு சட்டமே இருக்கு. ஆனால் ஜனங்க கேபிள் டி.வி.யை வெட்ட வெட்ட அந்த 5 சதவீதமும் தேயுது. இன்டர்நெட் வருமானம் கணக்கில் வராது. ஸ்டுடியோ இருக்கும்போதே போய்ச் சேருங்க.

நான் சேர்ந்தேன். பள்ளிக்கூட அடித்தளத்தில் ஸ்டுடியோ, மூணு சனிக்கிழமை இலவசப் பயிற்சி. 2003 பொங்கலை நானே படம் எடுத்தேன். பானைக்கு ரொம்பக் கிட்டே போனதால் லென்ஸில் ஆவி படிந்து, பால் பொங்குற நேரம் திரை முழுக்க வெள்ளை. அதையும் அப்படியே ஒளிபரப்பினாங்க. மறுநாள் பாட்டி கதவைத் தட்டி, “எல்லாரும் சேர்ந்து என்ன கத்தினீங்க?” என்றார். சொல்லிக் கொடுத்தேன். அடுத்த வருஷ டேப்பில் அவர் குரலும் இருக்கு, ‘பாங்கலோ பாங்கல்’ என்று.