கொசுக் கவிதை எழுதியவர் யார்?

ஜப்பானியக் கவிஞர் ஓத்தா நன்போ கொசுவைப் பாடி அரசைக் கேலி செய்தாரா என்று கேட்டிருந்தீர்கள். பாட்டு இதுதான்: 'உலகில் கொசுவைப் போல் தொல்லை எதுவுமில்லை, புன்பு, புன்பு என்று இரவிலும் தூங்கவிடுவதில்லை.' வேடிக்கை 'புன்பு'வில் இருக்கிறது. அது கொசுவின் ரீங்காரம்; 'கல்வியும் போர்க்கலையும்' என்றும் பொருள். 1787இல் சீர்திருத்தங்களைத் தொடங்கிய அரசின் தலைமை ஆலோசகர் மத்சுதைரா சதனோபு, சாமுராய் என்னும் போர்வீரர் வகுப்பினரிடம் ஓயாமல் ஓதியது அதைத்தான்!

பாட்டு நன்போவின் பெயரிலேயே பரவியது. அவரோ தன்னுடையதல்ல என்று மறுத்தார். மறுக்காமல் என்ன செய்வார்? அவரும் அரசுச் சம்பளத்தில் வாழ்ந்த கீழ்நிலைச் சாமுராய்தானே.

நன்போ 1749இல் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) பிறந்தவர். பதின்ம வயதிலேயே, 1767இல், 'தூக்கக் கலக்க ஆசிரியர்' என்ற புனைபெயரில் நகைச்சுவை நூல் வெளியிட்டார். கியோக்கா என்னும் 31 அசை வேடிக்கைப் பாட்டு அவரால் நகரெங்கும் மோகமானது. சதனோபுவின் சீர்திருத்தக் கெடுபிடி வந்ததும் அதைவிட்டு ஒதுங்கினார். 1794இல் அரசுத் தேர்வு எழுதித் தேறினார், நாற்பதைத் தாண்டிய வயதில்!

1801இல் ஒசாக்காவின் செம்பு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். செம்புக்குச் சீனத்தில் வழங்கிய ஒரு பட்டப்பெயரிலிருந்து 'ஷொக்குசன்ஜின்' என்ற புதுப் புனைபெயரை உருவிக்கொண்டார். குறும்பு போகவில்லை, பாருங்கள். 1823இல் காலமானார்.