நெஞ்சுக்கூட்டில் போடும் ஊசி இதயத்தின் வலியை மறைக்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு (64 வயது) அடுத்த வாரம் பைபாஸ் அறுவை சிகிச்சை. பிறகு வலி தெரியாமல் இருக்க, நெஞ்செலும்பின் இரு பக்கமும் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவார்களாம். கால் விளங்காமல் போய்விடும் என்று இணையத்தில் படித்தேன். வலியை மறைத்துவிட்டால் இதயத்துக்கு ஏதாவது ஆனாலும் தெரியாமல் போய்விடாதா? வீட்டில் இருக்கும் வலி மாத்திரையே போதாதா?

பதில்: தெரியாமல் போகாது. இந்த ஊசி மரத்துப்போக வைப்பது விலா எலும்புகளின் இடையே ஓடிவந்து தோலுக்கும் நெஞ்செலும்புக்கும் உணர்ச்சி தரும் நரம்புகளைத்தான். இதயத்தின் வலி வேறு நரம்புகள் வழியாகப் போகிறது. தவிர, தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்பா வாய்திறந்து சொல்லும்வரை யாரும் காத்திருப்பதில்லை. ஈசிஜி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்.

கால் விளங்காமல் போகும் பயத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் படித்தது முதுகுத்தண்டில் போடும் ஊசியைப் பற்றியதாக இருக்கும். இதய அறுவை சிகிச்சையில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பதால், தண்டுவடத்தின் அருகே ரத்தம் கசியும் அபாயம் உண்டு. அதனால்தான் பலரும் அந்த இடத்தைத் தவிர்த்து, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே நெஞ்சின் தசை அடுக்கில் மருந்தைச் செலுத்துகிறார்கள்.

வலியைக் குறைப்பது வெறும் சொகுசுக்காக அல்ல. நெஞ்செலும்பை அறுத்து, கம்பியால் கட்டியிருப்பார்கள். வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி தேங்கி நிமோனியா வரும். மார்ஃபின் வகை மருந்தை மட்டும் நம்பினால் தூக்கம், வாந்தி, மலச்சிக்கல். ஊசி போட்டால் அந்த மருந்தின் தேவை குறையும். ஆனால் ஒரு தடவை போடும் ஊசி சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாள்தான் தாங்கும். விலாவுக்குக் கீழே வடிகுழாய் செருகிய இடத்திலும், ரத்தக்குழாய் எடுத்த காலிலும் வலி இருக்கத்தான் செய்யும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம், நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டு மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவற்றை பைபாஸுக்குப் பிறகு தொடவே கூடாது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று வாங்கிக் கொடுக்காதீர்கள். எழுதித் தந்த மருந்து போதவில்லை என்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

நீங்கள் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது வீட்டுக்கு வந்த பிறகுதான். தழும்பின் ஓரத்தில் மரத்திருப்பது சகஜம், மெல்ல மெல்லக் குறையும். ஆனால் இருமும்போதோ, படுக்கையில் புரளும்போதோ நெஞ்செலும்பு 'க்ளிக்' என்று அசைவது போலிருந்தால், குறைந்துவந்த வலி திடீரென்று கூடினால், காயத்திலிருந்து நீரோ சீழோ வடிந்தால் அலட்சியம் வேண்டாம். கம்பி தளர்ந்து எலும்பு விலகியிருக்கலாம், உள்ளே கிருமி போயிருக்கலாம். காய்ச்சலும் சேர்ந்தால் இன்னும் மோசம். மறுபடி இருமச் சொல்லிச் சோதித்துப் பார்க்காதீர்கள், அடுத்த செக்கப் தேதிக்கும் காத்திருக்காதீர்கள். நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லி, அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.