பொதுக் கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு கன்சோலுக்கும் தனி அலாரம் ஒலி வைப்பது பயன் தருமா?

பயன் தரும். ஆனால் ஒலியை மாற்றுவது பாதி வேலைதான்.

"மூன்று கன்சோல்களும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன, யாருடைய அலாரம் என்றே தெரியவில்லை" என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. தனித்தனி அறைகளில் இருந்த பிரிவுகளை ஓரிடத்துக்குக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு கன்சோலும், அதாவது ஒரு பிரிவைக் கண்காணித்து இயக்கும் திரைகள் கொண்ட மேசையும், அதனுடன் வந்த பஸ்ஸரோடு அப்படியே வைக்கப்பட்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். எங்கள் அறையும் அப்படித்தான் உருவானது: பாய்லர், கம்ப்ரசர், நீர் சுத்திகரிப்பு ஆகிய மூன்று பிரிவுகள், மூன்று ஆபரேட்டர்கள், எல்லாருக்கும் ஒரே ஒலி, அதை நிறுத்த எல்லாருக்கும் பொதுவாக ஒரே பொத்தான்.

நான் பாய்லர் கன்சோலில் இருந்தேன். அன்றைய இரவுப் பணியில் நீர் சுத்திகரிப்புப் பிரிவின் ஒரு வடிகட்டியில் அழுத்த வேறுபாடு எல்லையைத் தொடுவதும் இறங்குவதுமாக இருந்ததால், அதன் அலாரம் நிமிடத்துக்கு மூன்று நான்கு முறை வந்துகொண்டிருந்தது. அந்தக் கன்சோலில் இருந்த நண்பர் திரையைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தி நிறுத்துவார். சில நொடிகளில் மறுபடியும் வரும். மற்ற இருவரும் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அந்த ஒலியைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தோம். அதிகாலையில் ஒரு வேலை அனுமதிச் சீட்டைச் சரிபார்க்க நான் மேசைப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில், நீரூட்டும் கட்டுப்பாட்டு வால்வு சிக்கிக்கொண்டு, பாய்லரில் நீரும் நீராவியும் தங்கும் கலனான டிரம்மின் நீர்மட்டம் குறையத் தொடங்கியது. அலாரம் வந்தது. அது அவருடையது என்று நான் நினைத்தேன். அவரும் தன்னுடையது என்று நினைத்துப் பொத்தானை அழுத்தினார். என் திரையில் ஒரு வரி மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. நான்கு நிமிடங்கள் கழித்து, நீர்மட்டம் மிகக் கீழே போனதால் பாய்லர் தானாக நின்றது. யாருக்கும் காயமில்லை, குழாய்களுக்கும் சேதமில்லை. பாதுகாப்பு அமைப்பு தன் வேலையைச் செய்தது.

விசாரணை அறிக்கையில் காரணம் "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று எழுதப்பட்டது. இதை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னால் ஏற்க முடியவில்லை. திரையைப் பார்ப்பது உன் கடமையல்லவா என்று சிலர் கேட்பார்கள், கடமைதான், மறுக்கவில்லை. ஆனால் திரையை விட்டுக் கண் விலகும் நேரத்துக்காகத்தான் ஒலி வைக்கப்பட்டிருக்கிறது. என் அலாரத்தின் ஒலியை வேறொருவர் அறியாமல் நிறுத்திவிட முடியும் என்ற அமைப்பைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. அந்தப் பொத்தானை வடிவமைத்தவரையோ, வடிகட்டி அலாரத்தைப் பல மாதங்களாக அப்படியே விட்டுவைத்த பராமரிப்புத் திட்டத்தையோ யாரும் கேள்வி கேட்கவில்லை. நண்பருக்கும் எனக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

அதன் பிறகு, ஒலிகளைத் திருத்தும் சிறு குழுவில் என்னையும் சேர்க்கும்படி நானே கேட்டேன். முதலில், நிறுத்தும் பொத்தானைக் கன்சோல் வாரியாகப் பிரித்தோம். ஒலியை நிறுத்துவதும் அலாரத்தை ஏற்றுக்கொள்வதும் வெவ்வேறு செயல்களாக ஆயின. ஒலியை நிறுத்தினாலும், எந்த அலாரம் என்று பார்த்து ஏற்கும்வரை திரையில் மினுக்கல் நிற்காது. அடுத்து, தொல்லை தரும் அலாரங்களுக்கு, கணநேர மாற்றத்துக்கு ஒலிக்காதபடி கால தாமதமும், எல்லையில் ஊசலாடாதபடி அலாரம் எழும் அளவுக்கும் அடங்கும் அளவுக்கும் நடுவே ஓர் இடைவெளியும் கொடுத்தோம். அந்த வடிகட்டி மறுநாளே அடங்கியது.

ஒலிகளுக்கு வந்தபோதுதான் பெரிய விவாதம் எழுந்தது. மூன்று கன்சோல்கள், ஒவ்வொன்றிலும் மூன்று முன்னுரிமைகள் என்றால் ஒன்பது ஒலிகள் தேவைப்படும். மனிதர்களின் கேட்கும் திறனை ஆராய்ந்த ராய் பேட்டர்சன் 1982-இல் விமானங்களின் எச்சரிக்கை ஒலிகளுக்காக எழுதிய வழிகாட்டுதல்கள் இதற்கு உதவின. மனிதர்கள் நான்கு முதல் ஆறு ஒலிகளை எளிதில் கற்றுக்கொள்கிறார்கள், அதற்கு மேல் கற்பது மெதுவாகிறது என்றும், துடிப்பின் தாளம் ஒன்றாக இருந்தால் சுருதி வேறாக இருந்தும் ஒலிகள் குழம்புகின்றன என்றும் அவருடைய ஆய்வுகள் காட்டின. ஆகவே தாழ்ந்த முன்னுரிமைக்கு ஒலியையே எடுத்துவிட்டோம். மீதமுள்ள ஆறில், தாளமும் ஒலியின் தன்மையும் கன்சோலைக் குறித்தன. அதே தாளம் விரைவாக ஒலித்தால் உயர் முன்னுரிமை. ஒவ்வொரு ஒலியும் அந்தந்தக் கன்சோலில் உள்ள ஸ்பீக்கரிலிருந்தே வர வேண்டும் என்று வற்புறுத்தினேன். முன்பு எல்லாமே கூரையிலிருந்த ஒரே ஸ்பீக்கரில் ஒலித்தன. ஒற்றைச் சுருதியில் ஒலிக்கும் பீப் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது தடுமாறும். பல அதிர்வெண்கள் கலந்த ஒலியை எளிதில் கண்டுபிடிக்கும். தீ, வாயுக் கசிவு எச்சரிக்கைகளை இந்த ஆறுடன் சேர்க்கவில்லை. அவை ஆலை முழுவதற்கும் பொதுவானவை, அவற்றை யாரும் தொடக்கூடாது.

தரநிலைகள் தெரிந்தவர்கள், ஒலியைவிட அலாரங்களின் எண்ணிக்கைதான் உண்மையான பிரச்சினை என்பார்கள். எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. 1994 ஜூலை 24 அன்று பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், வெடிப்புக்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் 275 அலாரங்களைச் சந்திக்க வேண்டியிருந்தது. அந்த நிலையில் எவ்வளவு தெளிவான ஒலியும் உதவாது. ஓர் ஆபரேட்டருக்குச் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்கு மேல் வரக்கூடாது என்ற ஈமுவா 191 (EEMUA 191) என்ற அலாரம் அமைப்புகளுக்கான வழிகாட்டியின் அளவுகோலை உங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல மடங்கு அதிகமாக இருந்தால், தனி ஒலிகளுக்குச் செலவிடும் முன் அதைக் குறைக்கும் வேலையைத் தொடங்குங்கள்.

ஒலியளவைப் பின்னணி இரைச்சலைவிடப் பத்து டெசிபல் அளவுக்கு உயர்த்தி வைத்தோம். அதைவிடக் கூட்டினால் ஆபரேட்டர்கள் காகிதத்தை மடித்து ஸ்பீக்கரில் திணித்துவிடுவார்கள்; நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இறுதியாக, எல்லாரையும் திரைக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, ஒலிகளை வரிசை மாற்றி ஒலிக்கச் செய்து, "யாருடையது, எவ்வளவு அவசரம்" என்று எழுதச் சொன்னோம். பகலிலும், பின்னிரவுப் பணியின் முடிவிலும் இதைச் செய்தோம். கம்ப்ரசர் பிரிவின் ஒலியை இருவர் இரண்டு முறையும் தவறவிட்டார்கள். இருவரும் இரைச்சலுக்கு நடுவே முப்பது ஆண்டுகளுக்கு அருகில் வேலை செய்தவர்கள். அந்த ஒலியின் பெரும்பகுதி 3000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தது, அவர்கள் காதில் அது சரியாக விழவே இல்லை. அபாய ஒலிகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 7731 குறிப்பிடும் 500 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரம்புக்குள், அதிலும் 1500-க்குக் கீழே, அதை இறக்கினோம். அடுத்த சோதனையில் இருவரும் எல்லா ஒலிகளையும் சரியாக எழுதினார்கள். தன் காது மந்தமானதை அவர்களில் ஒருவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாங்களும் அதைக் கோப்பில் எழுதவில்லை, ஒலியை மட்டும் மாற்றினோம்.