கானா கருப்பு சோப்பு குழைந்துபோனால் போலியா?

குளியலறையில் வைத்த, மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக் கருப்பு சோப்பு நாலே நாளில் குழைந்துவிட்டது, முகமும் எரிகிறது, போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். குழைவதை வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள், அதன் இயல்பே அதுதான். வாழைக்காய்த் தோல், கோகோ காய் ஓடு இவற்றின் சாம்பலில் பொட்டாசியக் காரம் இருக்கிறது. அதோடு ஷியா மரக் கொட்டைக் கொழுப்பையும் பனை எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சினால் மென்மையான சோப்புதான் வரும். கிளிசரினும் உள்ளேயே தங்கிவிடுவதால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்.

சின்னத் துண்டுகளாக வெட்டி, மூடியுள்ள டப்பாவில் குளியலறைக்கு வெளியே வையுங்கள். எரிச்சலுக்குக் காரத்தன்மைதான் காரணமாக இருக்கும். கட்டியை முகத்தில் நேராகத் தேய்க்கவே வேண்டாம், சாம்பல் துகள் கீறிவிடும். சுண்டைக்காய் அளவு கிள்ளி, ஈரக் கையில் நுரைத்துப் பூசி உடனே கழுவுங்கள். அப்புறமும் எரிந்தால் முகத்துக்கு நிறுத்திவிடுங்கள்.