விமான நிலையமே இல்லாத டோக்கலாவ் தீவுகளில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள்?

நியூசிலாந்தின் ஆட்சிப்பகுதியான டோக்கலாவ், தென் பசிபிக்கில் சமோவாவுக்கு வடக்கே அட்டாஃபு, நுக்குனோனு, ஃபக்கோஃபோ என்னும் மூன்று பவளத் தீவு வளையங்களால் ஆனது. நிலப்பரப்பு ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 1,500 பேர். சமோவாவின் ஆப்பியா துறைமுகத்திலிருந்து ஒரு நாளுக்கும் மேலாகக் கப்பலில் பயணம் செய்தே இங்கு வர முடியும்.

கடல்மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்த பவள மணலில் விவசாயத்துக்கு அதிக வாய்ப்பில்லை என்பதால், தென்னையும் ஈரப்பலாவும் மீனுமே உள்ளூர் உணவு. பிடித்த மீனைக் குடும்பத்தின் அளவுக்கேற்பப் பங்கிடும் 'இனாட்டி' என்ற முறை இன்றும் தொடர்கிறது. பணப் பொருளாதாரம் நுழைந்த பிறகும் இது அழியாமல் இருப்பதே, என் பார்வையில், இத்தீவுகளின் மிக வியப்பான செய்தி.

அரசின் வருவாயில் பெரும்பகுதி, தன் கடற்பரப்பில் சூரை மீன் பிடிக்கும் வெளிநாட்டுக் கப்பல்கள் செலுத்தும் உரிமக் கட்டணமும் நியூசிலாந்தின் நிதியுதவியுமாகும். 2012-இல் மின்சாரத் தேவைக்கு டீசலைப் பெருமளவு கைவிட்டுச் சூரிய ஆற்றலுக்கு மாறினார்கள்.

தன்னாட்சிக்காக 2006-இலும் 2007-இலும் நடந்த வாக்கெடுப்புகளில் பெரும்பான்மையினர் ஆதரித்தும், தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. தீவுகளில் இருப்போரைவிடப் பல மடங்கு டோக்கலாவ் மக்கள் நியூசிலாந்திலேயே வசிக்கிறார்கள்.