மூன்றாவது பிள்ளை எங்கே, தம்பி?

கேள்வி: அரசாங்க இலிகிதராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா சென்ற ஆவணியில் காலமானார். அம்மாவுக்கு 74 வயது. விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தோம். விவாகச் சான்றிதழில் செல்லம்மா, அடையாள அட்டையில் செல்வமலர் என்று இருப்பதால் திருப்பிவிட்டார்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்றும், பிள்ளைகள் நானும் தங்கையும் என்றும் சத்தியக்கடதாசி எழுதி வைத்திருக்கிறேன். (வீட்டில் அக்கா ஒருவரும் இருக்கிறார். 1975இல் கொழும்பு டி சொய்சா மகப்பேற்று ஆஸ்பத்திரியில் பிறந்தவர், பிறந்ததிலிருந்தே மூளை வளர்ச்சி குறைவு. பிறப்புச் சான்றிதழ் 1983 கலவரத்தில் வீட்டோடு எரிந்துவிட்டது, அடையாள அட்டையும் எடுக்கவில்லை. வெளியில் அதிகம் பேருக்குத் தெரியாது. ஆகவே அவரைச் சேர்க்கவில்லை.) இந்தச் சத்தியக்கடதாசி போதுமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: போதாது. அதைக் கிழித்துப் போடும்.

அம்மாவின் பெயர்ச் சிக்கலைப் பிறகு பார்ப்போம். அது தினசரி வருகிற வழக்கு. அடைப்புக்குறிக்குள் ஓர் ஆளைப் போட்டு மூடியிருக்கிறீரே, அங்கேதான் கடிதத்தின் முழு விஷயமும் இருக்கிறது. அம்மாவுக்காக இவ்வளவு அலைகிற பிள்ளை, அம்மா தன் வயிற்றில் முதலில் சுமந்த பிள்ளையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு அதில் கையெழுத்தும் வாங்கப் பார்க்கிறீர். "வெளியில் அதிகம் பேருக்குத் தெரியாது" என்ற வரி சான்றிதழ் எரிந்ததற்குக் காரணமாகாது. வீட்டில் யாருக்கோ சம்பந்தம் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அதைச் சான்றிதழின் தலையில் கட்டாதேயும்.

பிள்ளைகள் இருவர் என்று எழுதினால் அது பொய்ச் சத்தியக்கடதாசி, தண்டனைக்குரிய குற்றம். அகப்படவும் செய்வீர்கள். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் தன் விவாகத்தையும் பிள்ளைகள் பிறந்ததையும் அறிவிக்கவேண்டியவர். அப்பா ஒழுங்கான இலிகிதர் என்றால் அவருடைய சுயவிவரக் கோவையில் மூத்த மகளின் பெயரும் பிறந்த திகதியும் அவர் கையாலேயே எழுதப்பட்டிருக்கும். அங்கே மூன்று, உம்முடைய தாளில் இரண்டு. அப்போது அம்மாவின் ஓய்வூதியமும் சேர்ந்தே நிற்கும்.

இன்னொன்று. இந்த ஓய்வூதியத்தின் பெயரிலேயே அநாதைகள் என்று இருக்கிறது. உழைத்துச் சீவிக்க இயலாத நிரந்தர இயலாமையுள்ள பிள்ளைக்கு, வயது வந்துவிட்டாலும், தாய்க்குப் பிறகு அந்த ஓய்வூதியத்தைக் கேட்க வழியுண்டு. இயலாமை சிறுவயதிலிருந்தே இருந்தது என்பதை மருத்துவச் சபை ஏற்கவேண்டும், அவர் இன்னாரின் பிள்ளை என்பதும் நிரூபணமாக வேண்டும். அப்பா மாதாமாதம் சம்பளத்தில் வெட்டவிட்ட காசு அது. அதில் அக்காவுக்குள்ள பங்கை இல்லாமலாக்க உமக்கு உரிமையில்லை.

இப்போது வேலைக்கு வாரும். 83இல் எரிந்தது வீட்டிலிருந்த பிரதி. பதிவேடு அரசாங்கத்திடம் இருக்கிறது. டி சொய்சாவில் பிறந்த பிள்ளையின் பிறப்பு பதியப்படாமல் போவது அரிது. 1960க்குப் பிந்திய பதிவென்பதால் உமக்குரிய திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்திலேயே பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான்: பிள்ளையின் பெயரைச் சொல்லித் தேடுவார்கள், இல்லை என்று பதில் வரும், பதிவே இல்லையென்று திரும்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பெயர் வைத்திருக்கமாட்டார்கள். பதிவில் பெயர் நிரல் வெறுமையாகவே கிடக்கக்கூடும். ஆகவே அப்பாவின் முழுப்பெயர், அம்மாவின் இரண்டு பெயர்கள், பிறந்த திகதி, ஆஸ்பத்திரி ஆகியவற்றைக் கொடுத்துத் தேடச் சொல்லும். திகதி தெரியாவிட்டால் சாதகத்தைப் பாரும், அதுவும் எரிந்திருந்தால் பழைய கிளினிக் புத்தகம். பதிவு சிங்களத்தில் இருக்கலாம். அப்பாவின் பெயரைச் சிங்களத்தில் எப்படி எழுதியிருப்பார்களோ அந்த எழுத்துக்களையும் குறித்துக் கொடும்.

பெயர் நிரல் வெறுமையாக இருந்தால் பயப்படவேண்டாம். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் கீழ் பெயரைச் சேர்க்கலாம். உண்மையிலேயே பதிவு இல்லையென்றால், தேடியும் கிடைக்கவில்லை என்ற எழுத்தை வாங்கிக்கொண்டு காலங்கடந்த பதிவுக்குப் போகவேண்டும். அதற்குப் பிரகடனம் கொடுக்க அம்மாவைவிட உகந்த சாட்சி எங்கே கிடைக்கும்? 74 வயதில் அவர் நடமாடுகிறார், கையெழுத்து வைக்கிறார். அவர் இல்லாத காலத்தில் உம்முடைய சொல்லை மட்டும் வைத்து நிரூபிக்க எவ்வளவு பாடுபடுவீர் என்று யோசியும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அடையாள அட்டை. அதற்குக் கிராம உத்தியோகத்தர் ஊடாக விண்ணப்பிக்கவேண்டும். படத்தை ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவான ஸ்டூடியோவில்தான் எடுக்கவேண்டும், அவர்கள் தரும் துண்டைத் தொலைக்காதேயும். கிளினிக் புத்தகங்கள் எல்லாவற்றையும் பழையதிலிருந்து புதியதுவரை அடுக்கி வையும். பெரும்பாலும் புதியதை வைத்துக்கொண்டு பழையதை வீசிவிடுவார்கள், சிறுவயதிலிருந்தே என்பதைக் காட்டப் பழையதுதான் தேவை.

அம்மாவின் பெயருக்கு வருகிறேன். முதலில் அவருடைய பிறப்புச் சான்றிதழைப் பாரும். அங்கே செல்வமலர் என்றால் அடையாள அட்டை சரி, விவாகப் பதிவில் வீட்டுப்பெயர் ஏறியிருக்கிறது. அவசரப்பட்டு அடையாள அட்டையைச் செல்லம்மா என்று மாற்றப் போகவேண்டாம். வங்கிப் புத்தகமும் அட்டையும் ஒத்துவராமல் ஓய்வூதியம் வைப்பிலிடும் கட்டத்தில் மறுபடி மாட்டுவீர்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி கொடுக்கவேண்டியவர் அம்மா, நீர் அல்ல. சமாதான நீதவான் முன்னிலையில் அம்மாவே போய் வாசிக்கக் கேட்டுக் கையெழுத்து வைக்கவேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து நிரப்புகிற வேலை கூடாது. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் அதோடு போகவேண்டும்.

அதற்கு மேல் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது: பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். தந்தை பெயர், தாய் பெயர், பெற்றோர் விவாகமானவர்களா என்ற நிரல் மூன்றும் அதில் இருக்கும். தாய் பெயர் நிரலில் ஒரு பிள்ளைக்குச் செல்லம்மா, மற்றதற்குச் செல்வமலர், தந்தை ஒருவரே என்று வந்தால் அதைவிடப் பலமான ஆதாரம் கிடைக்காது. விவாகத்துக்கு மிகக் கிட்டிய பதிவு மூத்த பிள்ளையுடையது. நீர் சேர்க்காமல் விட்ட அக்காவின் சான்றிதழே அம்மாவின் கோவையைக் காப்பாற்றவும் கூடும்.

இதெல்லாம் ஒரு கிழமையில் முடியாது. அம்மாவின் விண்ணப்பத்தை அதற்காக நிறுத்தி வைக்கத் தேவையில்லை. மூன்று பிள்ளைகளின் பெயரையும் எழுதிக் கொடும், அக்காவின் சான்றிதழ் பின்னர் சமர்ப்பிக்கப்படும் என்று பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவுக்கு எழுத்தில் அறிவித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைத்த பிரதியை வாங்கும். வாக்காளர் இடாப்பில் அக்காவின் பெயர் இருக்கிறதா என்றும் கிராம உத்தியோகத்தரிடம் கேளும். அவரிடம் போகும்போது அக்காவையும் கூட்டிக்கொண்டு போம். தான் கண்ணால் காணாத ஆளுக்கு அவர் கையெழுத்து வைக்கமாட்டார்.