ஸ்காட்லாந்தில் கார் இல்லாமல், ஒரே நாளில் செங்குத்துப் பாறை, மணல், இடிந்த கோட்டை மூன்றையும் பார்க்க எங்கே நடக்கலாம்?

கேட்டவர் எடின்பரோவில் படிக்கிறாராம், கையில் ஒரு சனிக்கிழமைதான் இருக்கிறது, டனோட்டர் கோட்டைக்குப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் போகலாம். ஸ்டோன்ஹேவனில் ரயிலை விட்டு இறங்கி ஊரைத் தாண்டித் தெற்கே மூன்று கிலோமீட்டர் போல நடந்தால், கடலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு பெரிய பாறையின் தலையில் அந்தக் கோட்டை உட்கார்ந்திருக்கும். 1651-52இல் இங்கிலாந்துத் தளபதி கிராம்வெல்லின் படை எட்டு மாதம் சுற்றி வளைத்துக் கிடந்தும், உள்ளே ஒளித்து வைத்திருந்த ஸ்காட்லாந்தின் கிரீடம், செங்கோல், வாள் மூன்றும் அவர்கள் கையில் சிக்கவில்லை. எப்படியோ வெளியே கடத்தி, கினெஃப் என்ற கிராமத்துத் தேவாலயத்தின் தரைக்கடியில் புதைத்துவிட்டார்கள். கோட்டை மட்டும் போதும் என்றால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் நடை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், நீங்கள் எடுக்க நினைக்கும் அதே போட்டோவுக்கு உங்களுக்கு முன்னால் ஒரு கும்பல் நிற்கும்.

நாள் முழுக்க நடக்க வேண்டும் என்றால் என் ஓட்டு, எடின்பரோவுக்கு வடக்கே வளைகுடாவின் அக்கரையில் இருக்கும் ஃபைஃப் கடலோரத்துக்குத்தான். ஈலியில் தொடங்கி ஆன்ஸ்ட்ரதரில் முடிக்கலாம். சுமார் 10 கிலோமீட்டர், முன்னால் சங்கிலி நடையையும் (என்னவென்று கீழே சொல்கிறேன்) சேர்த்தால் 15 கிலோமீட்டர் பக்கம் வரும். எடின்பரோவிலிருந்து லீவனுக்கு ரயில் இருக்கிறது (1969இல் மூடிய பாதை, 2024 ஜூனில்தான் மறுபடி திறந்தார்கள்), அங்கிருந்து 95ஆம் எண் பஸ் கடலோரக் கிராமங்களை எல்லாம் தொட்டுக்கொண்டு போகும். போகிற வழியில் ஃபோர்த் பாலத்தைக் கடப்பீர்கள், ஜன்னலோர சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேற்கிலிருந்து கிழக்காக நடங்கள், காற்று பெரும்பாலும் முதுகில் தள்ளும்.

இனி முக்கியமான விஷயம். ரயில் நேரம், பஸ் நேரம் எல்லாம் அப்புறம். முதலில் கடல் எத்தனை மணிக்கு வற்றுகிறது என்று பாருங்கள். நான் பெசன்ட் நகர் கடற்கரையில் வளர்ந்தவன், கடலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பில்தான் இங்கே வந்தேன். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்தான் வித்தியாசம், செருப்பு நனைந்தால் நாலடி பின்னால் தள்ளி உட்காருவோம், அவ்வளவுதான். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஐந்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. காலையில் நீங்கள் நடந்த இடத்தில் சாயங்காலம் உங்கள் தலைக்கு மேல் தண்ணீர்.

அந்த ஐந்து மீட்டர் உறைப்பது சங்கிலி நடையில்தான். ஈலிக்குப் பக்கத்திலேயே எர்ல்ஸ்ஃபெரி. அதன் மேற்குக் கோடியில் கோல்ஃப் மைதானத்தை ஒட்டி நடந்தால் (பந்து வருகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள், மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்க அந்த கிளப்பில் ஒரு பழைய நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பை வைத்திருக்கிறார்கள், நிஜமாகவே) கின்கிரெய்க் என்ற எரிமலைப் பாறை முனை வரும். கறுப்புப் பாறை தூண் தூணாக நிற்கும். அதன் அடிவாரத்தில், கடல் விளிம்பில், பாறையில் அடித்த சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கி மறுபக்கம் போவதுதான் சங்கிலி நடை. 1920களில் முதன்முதலில் போட்டார்களாம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் பெருவிரல் தடிமன், மே மாதத்திலும் ஐஸ் மாதிரி சில்லென்று இருக்கும், பாறையில் பழைய ஆட்கள் வெட்டிய படி ஒரு பாதம்தான் கொள்ளும். கயிறு, பெல்ட் என்று எதுவும் கிடையாது. உயரத்தைவிடப் பாசிதான் ஆபத்து.

இரண்டு வருடத்துக்கு முன் சென்னையிலிருந்து வந்திருந்த என் மச்சினனைக் கூட்டிக்கொண்டு போனேன். கடல் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓத அட்டவணைகள் பல கிரீன்விச் நேரத்தில் இருக்கும், கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பதால் அந்த ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று யாரோ சொன்னதை மனதில் வைத்திருந்தேன். போனில் பார்த்த செயலி வற்றம் 12:10 என்றது, ஒரு மணி நேரம் கூட்டி 1:10 என்று கணக்குப் போட்டேன். அந்தச் செயலி ஏற்கெனவே கோடை நேரத்தில்தான் காட்டியிருக்கிறது என்பது என் மூளைக்கு எட்டவில்லை. நடுவில் டீ வேறு. முதல் சங்கிலியைத் தொடும்போது மணி ஒன்றரை, கடல் அமைதியாகக் கிடந்தது. அதுதான் ஏமாற்று வேலை. வற்றி முடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஏறுவதே கண்ணுக்குத் தெரியாது, மூன்றாவது நான்காவது மணியில்தான் மொத்த ஏற்றத்தில் பாதி ஏறும்.

போட்டோ எடுத்துக்கொண்டு ஆற அமரப் போனோம். ஒரு சங்கிலிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு இடுக்கு, உலர்ந்த கூழாங்கல்லாக இருக்க வேண்டிய இடம். மச்சினன் முன்னால் போனவன் நின்றுவிட்டான். “மாமா, இங்க தண்ணி உள்ள வந்துட்டு வந்துட்டுப் போகுது. இது இப்படித்தான் இருக்குமா?” என்றான். எனக்கும் இது முதல் தடவை என்று அவனிடம் சொல்லியிருக்கவில்லை. ஒரு அலை வந்தது, கணுக்கால். அடுத்தது முழங்கால். மேலே ஏறிவிடலாமா என்று அண்ணாந்து பார்த்தால் உதிரும் பாறையும் புல்லும், அதில் கை வைப்பது முட்டாள்தனம் என்று எனக்கே தெரிந்தது. அங்கிருந்தே திரும்பினோம். வந்த வழியில் இன்னொரு இடத்திலும் முழங்கால் வரை நனைந்தோம், கையை விட்டிருந்தால் கதை வேறு. கரையில் நாயோடு நின்ற ஒரு பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஒரு மணி நேரம் தாமதம் பையா” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். “நீங்க கூட்டினீங்களே, அந்த ஒரு மணி நேரமா மாமா?” என்றான் மச்சினன். இன்றைக்கும் வீட்டில் அந்தக் கதை ஓடுகிறது.

ஆகவே: அட்டவணை எந்த நேரக் கணக்கில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே இறங்கிவிடுங்கள், கடல் கொந்தளிப்பாக இருந்தால் வற்றமானாலும் போகாதீர்கள். மாட்டிக்கொண்டால் 999ஐ அழைத்து, கோஸ்ட்கார்ட் (கடலோர மீட்புப் படை) வேண்டும் என்று கேளுங்கள். நேரம் ஒத்துவரவில்லையா, பாறை உச்சியிலேயே பாதை இருக்கிறது, அதில் போய்த் திரும்புங்கள், இரண்டாம் உலகப்போர் கால பீரங்கி மேடைகள் இடிந்து கிடக்கும், வளைகுடாவுக்கு அக்கரையில் பாஸ் ராக் என்ற பாறைத் தீவு தெரியும், பறவை எச்சத்தால் கோடையில் வெள்ளை அடித்தது போல. உச்சியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருக்கும் முள்புதருக்குப் பெயர் கோர்ஸ். மே மாத வெயிலில் அதன் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள், சுத்தமான தேங்காய் வாசம். ஈரக் காலோடு நின்றிருந்த மச்சினன் யாரோ தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு போகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான்.

ஈலிக்குத் திரும்பிக் கிழக்கே நடந்தால் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் ரூபி பே என்ற சின்ன மணல் திட்டு. எரிமலைப் பாறையிலிருந்து உதிர்ந்த கார்னெட் என்ற சிவப்புக் கல் மணிகள் அந்த மணலில் கிடைக்கும், ஈலி மாணிக்கம் என்பார்கள். மண்டி போட்டு அரைமணி தேடியதில் எங்களுக்குக் கிடைத்தது கடுகளவில் ஒன்று. அதற்கு மேலேயே லேடீஸ் டவர், 1770 வாக்கில் ஜேனட் ஆன்ஸ்ட்ரதர் சீமாட்டி கடலில் குளிக்க உடை மாற்றுவதற்காகக் கட்டியது. அவர் குளிக்கப் போகும்போது ஊருக்குள் ஒருவன் மணி அடித்துக்கொண்டே போவானாம், யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்பதற்காக. மாளிகையிலிருந்து பார்க்கும்போது மறைக்கிறது என்று ஒரு குக்கிராமத்தையே இடிக்க வைத்தார், கிழவி ஒருத்தி சாபம் விட்டாள் என்றும் கதை உண்டு.

அடுத்தது ஆர்ட்ராஸ் கோட்டை. பெயர்தான் கோட்டை, நாலு கல்தான் மிச்சம், நிற்காமல் போகலாம். நியூவார்க் அப்படி இல்லை. பாறை விளிம்பிலேயே, சுவரில் பாதி கடல் பக்கம் சரிந்து நிற்கும். 1649இல் இதை வாங்கியவர் ஸ்காட்லாந்துத் தளபதி டேவிட் லெஸ்லி. அடுத்த வருடமே டன்பாரில் கிராம்வெல்லிடம் தோற்று, பிறகு லண்டன் டவரில் 1660 வரை சிறையில் கிடந்தார். பாவம், வாங்கிய வீட்டில் உட்காரவே நேரமில்லை. பிற்காலத்தில் கிளாஸ்கோ கப்பல் முதலாளி வில்லியம் பர்ரெல் இதைச் சீரமைக்க ஆசைப்பட்டு வரைபடம் வரை போனார், உரிமையாளர் சம்மதிக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான், இல்லாவிட்டால் இன்றைக்கு டிக்கெட் கவுன்டர் வந்திருக்கும். சுவருக்கு அடியில் போகாதீர்கள், கல் உதிர்கிறது. பக்கத்திலேயே தேன்கூடு வடிவில் ஒரு புறாக்கூண்டு இருக்கிறது. வளர்த்தது கொஞ்சுவதற்கு அல்ல, சமைப்பதற்கு.

செயின்ட் மோனன்ஸ் ஊருக்குள் நுழையும் இடத்தில் பாதை கடலை உரசிக்கொண்டு போகும், ஏற்றம் அதிகமாக இருந்தால் மேலே சுற்றிப் போகச் சொல்லிப் பலகை இருக்கும், அதன்படியே போங்கள். 14ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் அலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஊரைத் தாண்டினால் ஒரு காற்றாலை, கீழே புல் மூடிய மேடுகள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தக் காற்றாலை கடல் நீரை இறைக்க, கீழே நிலக்கரி எரித்துக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். தூத்துக்குடியில் வெயில் சும்மா செய்து தரும் வேலைக்கு இங்கே சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். அதில் பணம் போட்டவர் வேறு யாருமில்லை, மேலே சொன்ன சீமாட்டியின் கணவர்.

பிட்டன்வீம் துறைமுகத்தில் இன்னும் மீன்பிடிப் படகுகள் வந்து போகின்றன, அங்கிருந்து அரைமணி நடந்தால் ஆன்ஸ்ட்ரதர். திடீரென்று கடலிலிருந்து ஹார் என்ற மூடுபனி ஏறி வரும், கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும். ஆன்ஸ்ட்ரதருக்கு எல்லோரும் வருவது மீனும் சிப்ஸும் சாப்பிடத்தான், வரிசை தெருவரை நிற்கும். சைவம் என்றால் சிப்ஸ் வாங்கும் முன் எதில் பொரிக்கிறார்கள் என்று கேளுங்கள். இந்தப் பக்கம் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பு. மச்சினன் சைவம், வரிசையில் இருபது நிமிடம் நின்று, கவுன்டர் வரை போய்க் கேட்டுவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். என் மனைவி கட்டிக் கொடுத்த புளிசாதம் ஒரு டப்பா மிச்சம் இருந்தது. ஈரமான பேன்ட்டோடு துறைமுகச் சுவரில் உட்கார்ந்து இருவரும் பிரித்தோம், மணி எட்டு, இன்னும் நல்ல வெளிச்சம். என் பங்கு அப்பளத்தைக் கடற்காகம் ஒன்று கொண்டுபோனது, புளிசாதத்தை மட்டும் கொத்திப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டது.